மஞ்சுப் பதிவேடு

மஞ்சு நேரம் பார்த்து வராது. கொன்றைமலையில் வளர்ந்த யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பள்ளத்திலிருந்து வெள்ளை மூட்டமாக ஏறி வரும். சில நாள் ஐந்து நிமிடம் நிற்கும், சில நாள் ஒரு மணி நேரம் நிற்கும், பிறகு சொல்லாமல் போய்விடும். நேற்று வந்த நேரத்துக்கு அது இன்று வந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்பது வருடங்களுக்கு முன்னால், மாசி மாதத்தில், பதினோரு இரவுகள் மஞ்சு மணி அடித்ததுபோல் வந்து போனதாக ஒரு பதிவேட்டில் எழுதியிருந்தது. எழுதியது நான். அதை நான் கவனித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அன்றைக்கு என் தங்கை சுகந்தி பூமியை விட்டுப் போய் நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. அவள் ஏறிப்போன கலம் திரும்பி வரக்கூடிய கடைசி நாள் வியாழக்கிழமை.

மலை உச்சியில் இருக்கிற தொலைநோக்கி ராத்திரியெல்லாம் தானாகவே வானத்தைப் படம் பிடிக்கும். அதற்குக் கீழே தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம்தான் எங்கள் அளவை அறை. பன்னிரண்டு பெண்கள். காலை ஒன்பது மணி பஸ்ஸில் ஏறி வந்து, சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் இறங்கிவிடுவோம். வானத்தின் ஒரே இடத்தை இருபது நிமிட இடைவெளியில் எடுத்த நாலு படங்கள் திரையில் மாறி மாறி வரும். நட்சத்திரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஏதாவது ஒரு புள்ளி நகர்ந்தால் அது கல். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் லட்சக்கணக்கான கற்கள் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இயந்திரமே அந்தப் புள்ளிகளைக் காட்டும். ஆனால் அது தூசியையும் கல் என்று சொல்லும், கல்லையும் தூசி என்று தள்ளும். அதனால் கடைசியாக ஆம், இல்லை என்று சொல்ல மனிதக் கண் வேண்டியிருந்தது.

எனக்கு அந்த வேலை பிடித்ததற்குக் காரணம், அங்கே பேச வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பில் பெயர் சொல்லி எழுப்பினால் எழுந்து நிற்பேன். பதில் தெரியும், வாய் திறக்காது. வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்க்கும். ஒருநாள் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டேன். சுகந்தி எனக்கு நேர்மாறு. அவள் காக்கையோடுகூடச் சண்டை போடுவாள்.

சுகந்தியின் கலம் போய்க்கொண்டிருந்த கல்லைக் கண்டுபிடித்தது பிலோமினா அக்கா. எனக்கு அடுத்த நாற்காலி. இயந்திரம் தூசி என்று ஒதுக்கிய படங்களை அவள் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி ஓட்டிப் பார்ப்பாள். அதில் ஒன்று மெல்ல நகர்ந்தது. அதற்கு எண்ணும் ஆங்கிலத்தில் ஏதோ பெயரும் பின்னால் வந்தன. நாங்கள் அதைக் கூழாங்கல் என்றோம். நீளம் ஒரு கிலோமீட்டருக்குக் குறைவு. தன்மேல் படும் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பியது. அந்த வெளிச்சத்தில் லேசான செம்மை இருந்தது. கரி போன்ற கறுப்புக் கல் அல்ல, சாதாரணப் பாறை வகை என்று அதிலிருந்து தெரிந்தது. கற்கள் சுற்றும் அந்தப் பட்டையில் அப்படிப்பட்டவை ஆயிரக்கணக்கில் உண்டு. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

பிறகு அது எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று அளக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

அளக்கிற விதம் எளிது. கல் ஒழுங்கான உருண்டை அல்ல. அது சுழலும்போது ஒரு பக்கம் அதிகம் மின்னும், ஒரு பக்கம் மங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை இரவு முழுவதும் குறித்துக்கொண்டே போனால் ஒரு கோடு கிடைக்கும். அதே கோலம் மறுபடி எப்போது வருகிறதோ, அதுதான் ஒரு சுற்று. ஆனால் எங்கள் மலையில் நடுவில் மஞ்சு வரும். மஞ்சு மறைத்தாலும் வெளிச்சம் குறையும். அந்தக் குறைவு கல்லுடையது அல்ல, அதைக் கழிக்க வேண்டும். மற்ற மலைகளில் மஞ்சு வந்த இரவையே தூக்கிப் போட்டுவிடுவார்களாம். எங்களுக்கு அப்படிச் செய்தால் மிச்சமே இருக்காது. அதற்காக எங்கள் தலைவர் துரைக்கண்ணு சார் ஒரு முறை வைத்திருந்தார். ஒருத்தி, வெளிச்சம் திடீரென்று இறங்கிய நேரத்தை மஞ்சுப் பதிவேட்டில் எழுதி, அந்த அளவைக் கழிக்க வேண்டும். இன்னொருத்தி, அதே படத்தில் பக்கத்திலிருக்கிற நட்சத்திரமும் மங்கியிருக்கிறதா என்று பார்த்து டிக் போட வேண்டும். நட்சத்திரமும் மங்கினால்தான் அது மஞ்சு. கல் மட்டும் மங்கினால் அது கல்லின் குணம்.

முறை நல்ல முறைதான். ஆனால் இரண்டாவது வருடத்திலேயே யாரும் பக்கத்து நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. இறங்கினால் மஞ்சு என்று கை பழகிவிட்டது. நான் கழிப்பேன், பிலோமினா அக்கா பேசிக்கொண்டே வரிசையாக டிக் போடுவாள்.

கூழாங்கல்லுக்கு ஒரு சுற்று ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம் என்று வந்தது. துரைக்கண்ணு சார் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு அறை முழுக்கக் காப்பி வாங்கிக் கொடுத்தார். எனக்கு அதன் அருமை புரியவில்லை. அப்போது சுகந்தி சுரங்கப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். அந்த மாசியில் பிலோமினா அக்கா தன் மகள் கல்யாணத்துக்காக அளவை அறையின் மொட்டை மாடியில் கூழ்வடகம் போட்டிருந்தாள். மூன்று ஈடு. ஈர வடகத்தைப் பஸ்ஸில் கொண்டுபோக முடியாதென்பதால் ராத்திரியும் அது பழைய வேட்டிமேல் அங்கேயே கிடக்கும். பகலில் காக்கை ஓட்டும் வேலை சுகந்திக்கு. அங்கே உட்கார்ந்துதான் அவள் எனக்குச் சொன்னாள்.

"ஒரு தட்டுல ஜல்லியக் கொட்டி வேகமாச் சுத்துக்கா. என்னா ஆவும்?"

சிதறும் என்றேன்.

"அதான். வானத்துல முக்காவாசிக் கல்லு ஜல்லிக் குவியல்தான். ஒண்ணோடொண்ணு சும்மா ஒட்டிக்கிட்டிருக்கும். உன் கூழாங்கல்லு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஒரு சுத்து சுத்துது. குவியலா இருந்தா என்னிக்கோ தெறிச்சுப் போயிருக்கணும். போகல. அப்ப அது உள்ள வரைக்கும் ஒரே பாறை. அத்தத் தோண்டினா வீடுக்கா."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஒன்பது வருடத்தில் அது நிஜமாகிவிட்டது. அவ்வளவு தூரம் போகிற கலத்துக்குச் சுவர் மெல்லியதாகத்தான் இருக்க முடியும். சூரியனிலிருந்தும் வானத்திலிருந்தும் வரும் கதிர்களை அது ரொம்ப நாள் தாங்காது. ஆகவே கல்லுக்குப் போய், பாறையைக் குடைந்து, அதற்குள் மூன்று வருடம் இருந்துவிட்டு, கோள்கள் ஒத்து வரும்போது திரும்புவது என்று திட்டம். முன்னால் போன ஆளில்லாக் கலம் பாதி வழியிலேயே வாய் மூடிவிட்டது. இன்னொன்று அனுப்பிக் காத்திருக்க நேரமில்லை என்றார்கள், ஏனென்றால் வேறொரு நாட்டுக்காரர்கள் முந்திக்கொண்டு வேறொரு கல்லுக்கு ஆறு பேரை அனுப்பிவிட்டிருந்தார்கள். அந்தக் கல்லின் சுழற்சியும் எங்கள் அறையில் அளந்ததுதான். நம் மலை உலகத்துக்கு இரண்டு கல்லைக் கொடுத்திருக்கிறது என்று துரைக்கண்ணு சார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். கூழாங்கல்லுக்குப் போகிற நாலு பேரில் துளையிடும் பொறியாளர் என் தங்கை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேல் அவர்கள் கலம் திரும்ப முடியாது. அதற்குத் திரும்பும் நாள் என்று பெயர். அன்றைக்குக் கலெக்டர் எங்கள் அறைக்கு வருவதாக இருந்தது. நாங்கள் எவ்வளவு கவனமாக அளந்தோம் என்று காட்ட, மஞ்சுப் பதிவேட்டிலிருந்து கூழாங்கல்லின் பக்கங்களைப் பெரிய அட்டையில் அழகாக எழுதி வைக்கச் சொன்னார் சார். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னிடம் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை அட்டையை மேசைமேல் விரித்து எழுத ஆரம்பித்தேன். முதல் இரவு. எட்டு இருபது. பன்னிரண்டு நாலு. மூன்று நாற்பத்தெட்டு. இரண்டாம் இரவு. பத்து இருபத்தெட்டு. இரண்டு பன்னிரண்டு. மூன்றாம் இரவை எழுதும்போது கை தானாக நின்றது. பதிவேட்டில் இவை பக்கத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தவை. அட்டையில் அடுத்தடுத்து வந்ததும் ஏதோ கண்ணை உறுத்தியது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தேன். மூன்று மணி நாற்பத்து நாலு நிமிடம். அடுத்தது. மூன்று நாற்பத்து நாலு. இரவுக்கும் அடுத்த இரவுக்கும் நடுவில் இருந்த பகலையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். பகலெல்லாம் யாரும் பார்க்காதபோதும் அது அதே கணக்கில் வந்துகொண்டிருந்திருக்கிறது. பதினோரு இரவும் அப்படியே.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பென்சிலை எடுத்து அட்டையின் ஓரத்தில் ஒரு மணி ஐம்பத்திரண்டை இரண்டு முறை எழுதிக் கூட்டினேன்.

மூன்று மணி நாற்பத்து நாலு என்பது ஒரு மணி ஐம்பத்திரண்டின் சரியான இரண்டு மடங்கு. கல் ஒரு சுற்று சுற்றும்போது ஒரே ஒரு இடத்தில் மட்டும் வெளிச்சம் ஆழமாக இறங்கியிருக்கிறது. ஒரு பக்கத்தில் பெரிய குழி இருந்திருக்கலாம். அந்த ஒன்றை நான் ஒவ்வொரு முறையும் மஞ்சு என்று வழித்து எறிந்திருக்கிறேன். அதை எடுத்துவிட்டால் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒன்றுபோலத் தெரியும். அரைச் சுற்றை முழுச் சுற்று என்று எழுதிவிட்டோம்.

மெதுவாகச் சுழல்கிற கல் ஒரே பாறையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அது அநேகமாக ஜல்லிக் குவியல்.

கிட்டப் போனதும் அவர்களுக்கே தெரிந்துவிடும். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. தெரிந்து என்ன செய்வார்கள்? திரும்ப முடியாது. மெல்லிய சுவருக்குள் மூன்று வருடம் இருக்க முடியாது. அந்தக் குவியலுக்குள்தான் தோண்ட வேண்டும். தோண்டுகிறவள் சுகந்தி. அங்கே எடை என்பதே இல்லாத மாதிரி. ஒரு கல்லை நகர்த்தினால் மற்றவை அவசரமில்லாமல் எழும்பும், அவசரமில்லாமல் வந்து மூடும். ஓடி வெளியே வர முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எனக்கு இது அன்றைக்குத்தான் தெரியும் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், நாலாவது இரவின் படத்தில், நான் தற்செயலாகப் பக்கத்து நட்சத்திரத்தைப் பார்த்தேன். அது பளிச்சென்று இருந்தது. கல் மட்டும் மங்கியிருந்தது. அந்தப் படத்தை அச்செடுத்துக்கொண்டு சாரின் அறை வாசல்வரை போனேன். உள்ளே வெளியூர் அதிகாரிகள் மூன்று பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு வந்து, அச்சைக் கசக்கிப் போட்டுவிட்டு, மஞ்சு என்று எழுதினேன். அதற்குப் பிறகு நான் பக்கத்து நட்சத்திரத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் மறுபடி அந்த வாசலுக்குப் போக வேண்டியிருக்கும்.

பிலோமினா அக்காவிடம் அட்டையைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். முதலில் சிரித்தாள். மஞ்சுக்குக் கவர்மெண்டு உத்தியோகம் கிடைத்துவிட்டது போலிருக்கிறது, டைமுக்கு வருகிறதே என்றாள். பிறகு விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கழிக்க ஆரம்பித்தாள். ஐந்தாவதிலோ ஆறாவதிலோ நிறுத்திவிட்டு, பதிவேட்டில் தன் டிக்குகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கோசல," என்று என்னைக் கூப்பிட்டாள் கடைசியில். "ஒண்ணுகூட நான் பாக்கலடீ. ஒண்ணுகூட."

இருவருமாகச் சாரிடம் போனோம். இந்த முறை என்னை அவள்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். துரைக்கண்ணு சார் கெட்டவர் அல்ல. வெகுநேரம் கணக்குப் பார்த்தார். படங்களைத் தேடச் சொன்னார். பழைய படங்கள் இல்லை, இடம் போதாதென்று ஆறு வருடத்துக்கு முன்பே அழித்தாகிவிட்டது. மறுபடி அளக்கலாம் என்றால் கூழாங்கல் அப்போது சூரியனுக்குப் பின்னால் இருந்தது. ஐப்பசிவரை எந்தத் தொலைநோக்கியாலும் அதைப் பார்க்க முடியாது. மற்ற இடங்களில் அளந்தவர்கள்கூட ஓரிரு இரவு அளந்து, நம் கணக்கோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தவர்கள்தான். மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்தப் பதிவேடு.

"அந்த வாரம் நிஜமாவே மஞ்சு இருந்திருந்தா?" என்று கேட்டார். "எழுதினது நீதானேம்மா. இப்ப நீயே இல்லேங்குற. உன் பேச்ச நம்பித் திருப்பிட்டு, அப்புறம் அது ஒரே பாறைன்னு தெரிஞ்சா? எத்தன வருஷ உழைப்பு. இந்த ரூமையே பூட்டிருவாங்க."

ஆனாலும் எழுதினார். மேலிடத்துக்கு மூன்று பக்கக் கடிதம், என் எதிரிலேயே அனுப்பினார். மாலை நாலரைக்குப் பதில் வந்தது. விஷயம் கவனத்தில் கொள்ளப்பட்டது, திங்கட்கிழமை குழு கூடி ஆராயும் என்று இருந்தது. சார் அதை இரண்டு முறை படித்தார். திங்கள் என்று மெதுவாகச் சொன்னார். அதற்குமேல் அவரால் எதுவும் முடியவில்லை.

எனக்கு ஒரே ஒரு வழி இருந்தது. புதன்கிழமைதோறும் மூன்று மணிக்குக் குடும்ப நேரம். வீட்டார் பத்து நிமிடம் கலத்தோடு பேசலாம். எங்களுக்கு அப்பா அம்மா இல்லாததால் அந்தப் பத்து நிமிடமும் எனக்கு. வீட்டு விஷயம் மட்டும்தான் பேச வேண்டும் என்று முதலிலேயே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பயணத்தைப் பற்றியோ கல்லைப் பற்றியோ பேசி அவர்கள் மனதைக் கலைத்தால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். ஐந்து வாரமாக நான் பேசியதைவிட அவள் பேசியதைக் கேட்டதுதான் அதிகம். ஒரு பேச்சு போய்ச் சேர நாற்பது நொடி, பதில் வர நாற்பது நொடி.

புதன்கிழமை அளவை அறையிலிருந்தே பேசினேன். பிலோமினா அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சார் தன் அறைக் கதவைத் திறந்து வைத்திருந்தார். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். கலத்தோடு இணைப்புத் தரும் மையத்துப் பெண் வழக்கம்போல் இனிமையாக, வீட்டு விஷயம் மட்டும் பேசுங்கள் அக்கா என்று சொல்லி இணைத்தாள்.

"என்னக்கா, இன்னிக்காவது பேசுவியா? இல்ல, இன்னிக்கும் உன் மூச்சு சத்தத்தக் கேட்டுட்டுத்தான் போவணுமா?" என்றது சுகந்தியின் குரல்.

தாளைப் பார்த்தேன். எழுத்துகள் மிதந்தன. ஒன்பதாம் வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. பிலோமினா அக்கா என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள்.

"பாப்பா, கூழாங்கல்லு சுத்தறது நாங்க சொன்ன கணக்கில்ல. மூணு மணி நாப்பத்தி நாலு நிமிஷம். நான் மஞ்சுன்னு தப்பாக் கழிச்சிட்டேன். அது ஒரே பாறையா இருக்காது..."

"அக்கா, வேணாங்க்கா," என்று மையத்துப் பெண் குறுக்கே வந்தாள். "வீட்டு விஷயம் மட்டும். இன்னொரு தடவ சொன்னீங்கன்னா கட் பண்ணச் சொல்லியிருக்காங்க. என் வேல போயிடும்க்கா."

நிறுத்திவிட்டேன். நான் சொன்னது போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுக்க யாராலும் முடியாது, ஆனால் அவள் நம்புவாளா என்று எனக்குத் தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நொடிமுள் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு இன்னும் கொஞ்சம் போனது. காதில் இரைச்சல் மட்டும் கேட்டது.

"எந்த வாரம்க்கா அது?" என்றாள் சுகந்தி. விளையாட்டுக் குரல் போயிருந்தது.

என்ன சொன்னாலும் துண்டித்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டே யோசித்தேன். தேதியைச் சொல்ல முடியாது. அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

"பிலோமினாக்கா வடகம் போட்ட வாரம்."

மையத்துப் பெண் துண்டிக்கவில்லை. வடகம் வீட்டு விஷயம்தான். மறுபடி நொடிமுள்.

"வேட்டி நனையவே இல்லியேக்கா." அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "காக்கா ஓட்டினது நான்தான். தெனம் காலையில மாடி ஏறினதும் மொதல்ல வேட்டியத்தான் தொட்டுப் பாப்பேன், ராத்திரி மஞ்சு எறங்கி வடகம் ஊறிடுச்சோன்னு. மூணு ஈடும் மொறுமொறுன்னு காஞ்சு கெடந்துச்சு. ஒருநாகூட ஈரமில்ல. மஞ்சே வரலன்னா நீ எதக்கா கழிச்ச?"

"கல்லத்தான் பாப்பா," என்றேன். "கல்லத்தான் கழிச்சிட்டேன்."

அது போய்ச் சேருவதற்குள் பத்து நிமிடம் முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை அளவை அறையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கலெக்டர் முன்வரிசையில் இருந்தார். அட்டையை நான் முடிக்கவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் பூச்செண்டு வைத்திருந்தது. பத்தே முக்காலுக்குத் திரையில் வந்த அறிவிப்பாளரின் முகமே மாறியிருந்தது. பயணக் குழுவில் யார் வேண்டுமானாலும் திரும்பும் நாளுக்கு முன்பு பயணத்தை நிறுத்தச் சொல்லலாம், அது விதியில் இருக்கிறது, துளையிடும் பொறியாளர் அந்த உரிமையைப் பயன்படுத்தியிருக்கிறார், காரணம் விசாரிக்கப்படும், கலம் பூமியை நோக்கித் திரும்பிவிட்டது என்றார். யாரும் கை தட்டவில்லை. கலெக்டர் எழுந்து, துரைக்கண்ணு சாரிடம் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, காரில் ஏறிப் போனார். அவருக்காக வாங்கிய கேக் பெட்டி திறக்காமலே இருந்தது.

நான் அழுதேனா என்று நினைவில்லை. சுகந்தி வீட்டுக்கு வருகிறாள் என்று மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். அவளைக் கோழை என்பார்கள், விசாரணை வைப்பார்கள். நான் சொன்னது சரியா என்பது ஐப்பசியில் அந்தக் கல் வெளியே வந்த பிறகுதான் தெரியும். அதெல்லாம் இருக்கட்டும், அவள் உயிரோடு திட்டு வாங்குவாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து பெண்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது சார் தன் அறையிலிருந்து வந்தார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கையில் இன்னொரு மஞ்சுப் பதிவேடு இருந்தது. கூழாங்கல்லை அளந்ததற்கு முந்திய வருடத்தது. நேற்றிலிருந்து தூக்கம் வரவில்லை என்றார். என் முன்னால் அதை விரித்து வைத்தார்.

"இதுவும் உன் எழுத்துதானேம்மா?"

என் எழுத்துதான். பக்கத்தில் பிலோமினா அக்காவின் டிக். பக்கங்களைப் புரட்டினேன். ஏழு நாற்பது. பதினொன்று முப்பத்தாறு. மூன்று முப்பத்திரண்டு. நான் கழித்தேன். மூன்று மணி ஐம்பத்தாறு. அடுத்ததும் மூன்று மணி ஐம்பத்தாறு. மூன்றாவதைக் கழிக்க எனக்குக் கை வரவில்லை. பிலோமினா அக்கா பென்சிலை வாங்கிக் கழித்துவிட்டு, பென்சிலை மேசையில் வைத்தாள். அது உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

பக்கத்தின் மேலே கல்லின் எண் இருந்தது. ஆறு பேர் போய்க்கொண்டிருக்கிற கல். அவர்களுடைய திரும்பும் நாள் தை மாதமே முடிந்துவிட்டது. இறங்குவதற்கு இன்னும் நாற்பத்திரண்டு நாள் இருந்தது.

"நம்மள யாரும் கேக்கல," என்றார் சார், யாரையும் பார்க்காமல். "கிட்டப் போனா அவங்களுக்கே தெரியும்." பிறகு அவருக்கே அது என்னவோபோல் இருந்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாற்பத்திரண்டு நாளில் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியாது. தோண்டாமல் வேறு ஏதாவது யோசிக்கலாம். இருக்கிற நிழலில் ஒதுங்கி நிற்கலாம். பூமியிலிருந்து ஏதாவது அனுப்பலாம், அது போய்ச் சேருமோ சேராதோ. அவர்கள் பேசும் பாஷை எனக்குத் தெரியாது, அவர்கள் நாட்டில் யாரையும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொலைபேசி எண். அதை நானாகவே அழுத்தினேன். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மலையில் எங்கும் மஞ்சு இல்லை.

இரண்டாவது மணியிலேயே அந்த மையத்துப் பெண் எடுத்தாள். என் குரலைக் கேட்டதும் பயந்துவிட்டாள்.

"அக்கா, இன்னிக்குக் குடும்ப நேரம் இல்லையே. ஏதாச்சும் வீட்டு விஷயமா?"

"ஆமாம்மா," என்றேன். "ஆறு வீடு. எழுதிக்கோ, சொல்றேன்."